பவளத் தொட்டியில் முளைக்கும் பெயர் தெரியாத பாசி

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்கு அந்தக் காலை எப்படியும் ஒருநாள் வந்துவிடும். விளக்கு எரியத் தொடங்கியதும், முந்தைய நாள் வரை வெறுமையாக இருந்த பாறை முனையில் விரல்நகத்தளவு பச்சைத் துளிர் ஒன்று நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும். முதல் வாரம் அது அழகாகவே தெரியும்; தொட்டிக்கு உயிர் வந்துவிட்டதாகக்கூடத் தோன்றும். மூன்றாம் வாரம் அது பக்கத்துப் பாறைக்குத் தாவியிருக்கும். இரண்டு மாதத்தில் பவளத்தின் அடித்தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும். "இதற்கு என்ன மருந்து போடுவது?" என்று பெரும்பாலானோர் கேட்கத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். "இது என்ன?" என்ற கேள்வி அதற்குப் பிறகு வருகிறது, சில சமயம் வருவதே இல்லை. வரிசை இப்படிப் புரண்டுபோவதால், பாசியால் அழியும் தொட்டிகளைவிடப் பாசிக்கான வைத்தியத்தால் அழியும் தொட்டிகள் அதிகமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

இந்தக் குழப்பத்துக்கு நம் மொழியும் கொஞ்சம் உடந்தை. குளத்துப் படிக்கட்டில் வழுக்குவதும் பாசி, மழைக்காலச் சுவரில் படர்வதும் பாசி, ராமநாதபுரத்துக் கரைகளில் மணலில் பரப்பிக் காயவைக்கப்படுவதும் பாசி. ஆனால் அந்தக் கரையிலேயே பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். எதற்கு என்ன விலை, எது எந்தப் பாறையில் கிடைக்கும் என்பதெல்லாம் அந்தப் பெயரோடு சேர்ந்தே அவர்களுக்குத் தெரியும். வீட்டுத் தொட்டிக்காரருக்கும் அந்த அளவு வேறுபாடு தெரிந்தாக வேண்டும். ஏனென்றால் நாம் பாசி என்று மொத்தமாக ஒதுக்கும் உயிர்கள் ஒன்றுக்கொன்று உறவினர்கள்கூட இல்லை. பச்சைப்பாசி நிலத்துத் தாவரங்களுக்கு நெருங்கிய சொந்தம். பழுப்புத் தூசியாகப் படியும் டயாட்டம் பழுப்புக் கடற்பாசிகளின் கிளையைச் சேர்ந்தது. சிவப்புச் சவ்வாகப் படரும் சயனோபாக்டீரியா பாசியே இல்லை, பெயரே சொல்வதுபோல் பாக்டீரியா. பழுப்புச் சளியாகத் தொங்கும் டைனோஃபிளாஜலேட்டுகளோ மலேரியாக் கிருமியின் பங்காளிகள். இத்தனை தூரத்து உயிர்களுக்கு ஒரே மருந்து கேட்பது, ஊரில் உள்ள எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை கேட்பதைப் போன்றது.

பார்ப்பதில் உள்ள பிழை

அடையாளம் காண்பதில் நிறமே முதல் ஏமாற்று. பவளத் தொட்டிகளில் இப்போது எரியும் நீலம் மிகுந்த எல்.இ.டி. விளக்கின் கீழ் பழுப்பு கறுப்பாகவும், சிவப்பு மங்கிய ஊதாவாகவும் தெரியும். ஆகவே வெள்ளை ஒளியை மட்டும் எரியவிட்டு, பம்புகளை நிறுத்தி, நீர் அசையாதபோது பார்க்க வேண்டும். நிறத்தைக் கடைசியாகக் கணக்கில் எடுத்தால் போதும். அதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. இழுத்தால் பாறையோடு பற்றி நிற்கிறதா, தோல் உரிவதுபோல் முழுதாக வருகிறதா, தொட்டதும் புகையாகக் கலைகிறதா? இழையில் நடுநரம்பு உண்டா, இருபுறமும் இறகுபோல் கிளைக்கிறதா? விளக்கணைந்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் அதே அளவு இருக்கிறதா, குறைந்திருக்கிறதா? விரலில் எடுத்து முகர்ந்தால் வாடை என்ன?

இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு, பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் 100 முதல் 400 மடங்கு பெருக்கும் நுண்ணோக்கி போதுமானது. ஆயிரக்கணக்கில் செலவழித்து, கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மர் வாங்குபவர்கள் இந்த ஒரு கருவிக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்காத ஒன்று.

பழுப்பு மூன்று

அடையாளம் தவறினால் மிகுந்த சேதம் விளைவது பழுப்பும் சிவப்புமாக மணலில் படியும் மூன்று உயிர்களில்தான். தொட்டியைத் தொடங்கிய சில வாரங்களில் மணல்மேலும் கண்ணாடிமேலும் காபித்தூள் தூவியதுபோல் மென்மையான படலம் தோன்றினால், அது பெரும்பாலும் டயாட்டம். அதன் செல்லைச் சுற்றிச் சிலிக்காவால் ஆன ஓடு உண்டு. அந்த ஓட்டுக்கான மூலப்பொருள் குழாய்த் தண்ணீரிலும் புதிய பாறை, மணலிலும் இருந்து வருகிறது. கிடைத்த சிலிக்கா தீர்ந்ததும் அதுவும் ஓய்ந்துவிடும். விரலால் தடவினால் பிசுபிசுப்பில்லாமல் கலையும். நுண்ணோக்கியில் கூர்மையான விளிம்புள்ள கண்ணாடிப் படகுகள் போலவும் பெட்டிகள் போலவும் தெரியும். இதற்கு வைத்தியம் பொறுமையும், கரைந்த உப்பு ஏறத்தாழ பூஜ்ஜியம் காட்டும் ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீரும் மட்டுமே.

சயனோபாக்டீரியா வேறு மாதிரி. அடர்சிவப்பிலோ கருநீலப் பச்சையிலோ வெல்வெட் துணி விரித்ததுபோல் மணலை மூடும். இடையிடையே ஆக்சிஜன் குமிழிகள் சிக்கியிருக்கும். சிறு குழாயால் உறிஞ்சினால் கிழிந்த துணிபோல் துண்டு துண்டாக மேலேறி வரும். அழுகிய மண்ணின் வாடை அடிக்கும். இவற்றில் சில இனங்கள் நீரில் கரைந்துள்ள நைட்ரஜன் வாயுவையே உணவாக மாற்றிக்கொள்ளக்கூடியவை. எனவே நைட்ரேட்டை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டு பாஸ்பேட்டை அப்படியே விட்டால், போட்டியாளர்கள் பட்டினியில் வாட, இது மட்டும் கொழிக்கும். உறிஞ்சி எடுப்பது, நீரோட்டம் சேராத மூலைகளுக்குப் பம்பைத் திருப்புவது, அடியில் தேங்கிய கழிவை அகற்றுவது ஆகிய மூன்றையும் சில வாரம் விடாமல் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் இதைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே இரவில் இவ்வளவு உயிர்ப்பொருள் செத்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் சரியும். காற்றூட்டத்தைக் கூட்டாமல் மருந்து போட்டவர்கள் காலையில் மீன்களை இழந்திருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் உண்மையான ஆபத்து. டைனோஃபிளாஜலேட்டுகள், சுருக்கமாக டைனோ, மூக்குச்சளி போன்ற பழுப்பு இழைகளாகப் பவள நுனிகளிலிருந்து தொங்கும். ஒவ்வோர் இழையின் முனையிலும் ஒரு குமிழி இருக்கும். பகல் ஏற ஏறத் தடித்து, இரவில் மெலிந்துவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் டயாட்டம் போலவே தோன்றுவதால், புதிதாகத் தொடங்கியவர்கள் "இதுவும் அடங்கிவிடும்" என்று காத்திருப்பார்கள். அல்லது ஊட்டச்சத்து மிகுந்துவிட்டது என்று எண்ணி இருப்பதையும் உறிஞ்சி எடுப்பார்கள்.

நானும் அந்தத் தவறைச் செய்தவன். மணலில் பழுப்புப் படலம் கண்டதும் டயாட்டம் என்று முடிவுகட்டி, பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையைக் கூடுதலாகப் போட்டேன். மீனுக்குப் போடும் இரையைப் பாதியாக்கினேன். பத்து நாளில் படலம் இரட்டிப்பானது. டர்போ நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்து, வாய் மேலாகக் கிடந்தன. அதற்குப் பிறகுதான் வடிதாள் சோதனையைச் செய்து பார்த்தேன். அதை எப்படிச் செய்வதென்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் செலவில்லாத இந்தச் சோதனை என் நத்தைகளைக் காப்பாற்றியிருக்கும்.

சிறு குழாயால் பழுப்புச் சளியைத் தொட்டித் தண்ணீரோடு சேர்த்து ஒரு சிறு பாட்டிலில் எடுத்துக்கொள்ள வேண்டும். மூடியை இறுக்கி, இழைகள் முற்றிலும் உடைந்து நீர் வெறும் கலங்கலாகும்வரை நன்றாகக் குலுக்க வேண்டும். பிறகு காபி வடிகட்டும் தாளில் ஊற்றி, கீழே இறங்கும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, விளக்கின் அடியில் அசையாமல் வைக்க வேண்டும். அரைமணி முதல் ஒரு மணி நேரத்தில், தெளிவாக இருந்த அந்த நீரில் பழுப்பு நூல்கள் மறுபடியும் தாமாகத் திரண்டு கொத்தாக நின்றால், அது டைனோ என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். தாளின் துளைகளைக் கடந்துபோன தனிச் செல்கள் நீந்திவந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. என் குவளையில் முக்கால் மணி நேரத்தில் அது நடந்தது. சற்று முன் குலுக்கிச் சிதைத்த ஒன்று கண்ணெதிரே மறுபடியும் கூடுவதைப் பார்த்தால் முதுகு சில்லிட்டுவிடும்.

டைனோ என்று தெரிந்த பிறகும் எந்த டைனோ என்பது முக்கியம். நுண்ணோக்கியில் கண்ணீர்த்துளி வடிவச் செல், கயிற்றில் கட்டிய கன்றுபோல் ஒரே புள்ளியைச் சுற்றிச் சுழன்றால் அது ஆஸ்ட்ரியாப்சிஸ். இது இரவில் மணலை விட்டு நீருக்குள் எழும்புவதால், புறஊதா விளக்கு பொருத்திய குழாய் வழியே தொட்டி நீரைச் சுழலவிட்டுக் கொல்ல முடியும். முட்டை வடிவச் செல் மணலில் வழுக்கிக்கொண்டு போனால் அது பெரும்பாலும் ஆம்ஃபிடினியம். அதன் பெரிய செல் இனங்கள் மணலை விட்டு எழும்புவதே இல்லை; புறஊதா விளக்கு எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் பயன் இல்லை. இதற்கு அனுபவசாலிகள் கையாளும் வழி விநோதமானது: தொட்டியில் வேண்டுமென்றே சிலிக்கேட் சேர்த்து டயாட்டத்தை வளர்ப்பார்கள், இடத்துக்கான போட்டியில் டயாட்டம் மணலைப் பிடித்துக்கொண்டு டைனோவை ஓரங்கட்டும். ஒரு பழுப்பை விரட்ட இன்னொரு பழுப்புக்குத் தீனி போட வேண்டியிருக்கிறது. அடையாளம் தெரியாதவருக்கு இந்த வைத்தியம் பைத்தியக்காரத்தனமாகவே படும்.

நேரடியாக ஒரு நஞ்சைப் போட்டு டைனோவைக் கொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து, ஒளியிலிருந்து உணவு தயாரித்து அதற்கு ஊட்டும் சூசாந்தெல்லே என்னும் நுண்ணுயிர்களும் டைனோஃபிளாஜலேட்டுகளே. வெளியே இருக்கும் டைனோவைக் கொல்லும் மருந்து உள்ளே இருப்பதையும் தாக்கும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவு அலைகள் நீலமாக ஒளிர்ந்ததை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் இன்னொரு முகம் தெரியும். அது நாக்டிலூகா என்னும் டைனோ.

இதில் மனிதருக்கும் எச்சரிக்கை உண்டு. 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கரையோரத்தில் ஆஸ்ட்ரியாப்சிஸ் பெருகியபோது, கடல் காற்றைச் சுவாசித்த சுமார் 200 பேர் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மருத்துவ உதவியை நாடினார்கள். அது சுரப்பது பேலிடாக்சின் வகையைச் சேர்ந்த நஞ்சு. சோயாந்திட் என்னும் பொத்தான் பவளங்கள் சிலவற்றிலும் அதே நஞ்சு உண்டு. பாசி பிடித்த பாறையைக் கொதிநீரில் போட்டால் சுத்தமாகிவிடும் என்ற யோசனை அவ்வப்போது தலைகாட்டும். அந்த ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. பாறையை ஒருபோதும் கொதிக்கவிடக் கூடாது.

பூஜ்ஜியம் என்னும் மாயை

ஊட்டச்சத்தைக் குறைத்தால் பாசி குறையும் என்ற பழைய பாடம் முழுப் பொய் இல்லை. ஆனால் அது அரைப் பாடம். இயற்கையான பவளத்திட்டின் நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவு. வீட்டு டெஸ்ட் கிட்டுகளில் பெரும்பாலும் அவை தெரியவே தெரியா. அதைப் பார்த்துவிட்டு நம் தொட்டியிலும் பூஜ்ஜியத்தைத் துரத்துகிறோம். ஆனால் கடலில் நீர் ஓயாமல் புதிதாகிக்கொண்டே இருக்கிறது. மிதவை உயிர்கள் இரையாக வந்துகொண்டே இருக்கின்றன. தொட்டியில் அந்த வரத்து இல்லை. இரண்டு சத்துகளும் உண்மையிலேயே வற்றிவிட்டால் முதலில் வெளிறுவது பவளம். பாக்டீரியாவும் சாதாரணப் பாசியும் பட்டினியில் விலகிய இடத்தில் வந்து அமர்வது டைனோ. உலர்ந்த, உயிரற்ற பாறையை வைத்துத் தொட்டி தொடங்கும் வழக்கம் பரவிய பிறகு டைனோ புகார்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இருந்த இடத்தைப் பிடிக்க வேறு உயிர்களே இல்லாத வெற்று நிலம் அது.

எனவே டைனோ பிடித்த தொட்டியில் நைட்ரேட்டை 5 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரையும், பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பி.பி.எம். வரையும் உயர்த்தி நிறுத்துவதே முதல் வேலை. சோடியம் நைட்ரேட் கரைசல் சேர்த்தோ, மீனுக்குக் கூடுதல் இரை போட்டோ இதைச் செய்யலாம்.

இதற்கு நேரெதிரான மாயையும் உண்டு. பச்சை முடிப்பாசி முழங்கை நீளம் வளர்ந்து நிற்கும் தொட்டியில் டெஸ்ட் கிட் பாஸ்பேட் பூஜ்ஜியம் என்று காட்டும். பாசி வருவதை வருகிறபடியே உண்டுவிடுவதால் நீரில் மிச்சம் இல்லை, அவ்வளவுதான். போதாதற்குச் சுண்ணப் பாறை பாஸ்பேட்டைத் தன்மேல் ஒட்டி வைத்துக்கொண்டு, நீரில் அளவு குறைந்ததும் மெல்லமெல்ல விட்டுக்கொடுக்கும். பழைய தொட்டியிலிருந்து வாங்கிய பாறையில் மாதக்கணக்கில் பாசி அடங்காமல் போவது இதனால்தான். நீரின் அளவீடு கையிருப்பைச் சொல்லும்; வரவு செலவைச் சொல்லாது.

நைட்ரேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் இடையே 16:1 என்ற ரெட்ஃபீல்டு விகிதத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று தொட்டிக்காரர்கள் வேதம்போல் ஓதுவதையும் இங்கே சொல்ல வேண்டும். கடலாய்வாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு 1934-இல் கவனித்தது திறந்த கடலின் மிதவை உயிர்களின் உடற்சேர்மானத்தை. பாறையில் பற்றி வளரும் கடற்பாசிகளை 1983-இல் அட்கின்சனும் ஸ்மித்தும் ஆராய்ந்தபோது, கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் 550:30:1 என்ற அளவில் இருந்தன. அதாவது நம் பாறைமேல் ஆடும் பாசிக்கு பாஸ்பரஸ் மிகக் கொஞ்சம் இருந்தாலே போதும். மேலும் ரெட்ஃபீல்டு சொன்னது அணுக்களின் எண்ணிக்கை விகிதம். டெஸ்ட் கிட் காட்டுவதோ எடை.

பச்சையின் வகைகள்

பச்சையில் இரண்டு அடிக்கடி குழம்பும். டெர்பீசியா என்னும் முடிப்பாசி, தலைமுடிபோல் மெல்லிய, எளிதில் அறுந்து வரும் கொத்து. பிரயாப்சிஸ் அப்படியே அதன் தம்பிபோல் தெரியும். ஆனால் ஓரிழையைக் கத்தரித்து வெள்ளைத் தட்டில் நீர்விட்டு விரித்தால் நடுத்தண்டும் இருபுறமும் வரிசையாகக் கிளைத்த இறகமைப்பும் தெளிவாகத் தெரியும். நீரில் பார்த்தால் தெரியாத இந்த வேறுபாடு தட்டில் நொடியில் புலப்படும். முடிப்பாசியை நத்தைகளும் மீன்களும் விரும்பி மேயும். பிரயாப்சிஸைப் பெரும்பாலானவை சீண்டாது. அதைப் பிய்த்தெடுப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பிரயாப்சிஸின் ஒவ்வொரு செடியும் குறுக்குச்சுவரே இல்லாத, பல உட்கருக்கள் கொண்ட ஒற்றைச் செல். நசுங்கி வெளியே சிந்தும் அதன் உயிர்ச்சாறுகூட நீரில் மறுபடி உருண்டு, சவ்வு கட்டி, புதுச் செல்லாக முளைக்கக்கூடியது. ஆகவே அந்தக் கல்லைத் தொட்டிக்கு வெளியே எடுத்து, வாளியில் வைத்துப் பிய்ப்பதே முறை.

கடந்த பத்தாண்டுகளில் பிரயாப்சிஸுக்கு வழக்கமாகிவிட்ட மருந்து ஃப்ளூகோனசோல். மனிதருக்குப் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் கணக்கில் கரைத்து, கரி வடிப்பானை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் விட்டுவைத்தால் பிரயாப்சிஸ் வெளிறிச் சாகிறது. முடிப்பாசியும் பல தொட்டிகளில் அடங்குகிறது. ஆனால் சாகும் பாசி தன்னுள் சேர்த்த சத்தையெல்லாம் நீரில் விடும். முன்கூட்டியே கையால் பெரும்பகுதியை அகற்றாமல் மருந்தைப் போட்டால், பச்சை போன இடத்தில் அடுத்த மாதம் சிவப்புச் சவ்வு வந்து உட்காரும்.

முடிப்பாசியைப் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லாமல் விட மனமில்லை. கடலில் ஹாலிசிஸ்டிஸ் என்றொரு சிறு பச்சைக் குமிழியும், டெர்பீசியா என்றொரு இழையும் நெடுங்காலம் வெவ்வேறு உயிர்களாகவே கருதப்பட்டு வந்தன. 1938-இல் கார்ன்மன் என்னும் ஜெர்மானியர் ஒன்றின் வித்திலிருந்து மற்றது முளைப்பதைக் காட்டினார். இரண்டும் ஒரே உயிரின் அடுத்தடுத்த தலைமுறைகள். சிவப்புப் பாசியிலும் இதே கதை உண்டு. பாறையில் இளஞ்சிவப்புப் பஞ்சு உருண்டைபோல் ஒட்டியிருந்தால் அது ஃபால்கன்பெர்கியா. அஸ்பராகாப்சிஸ் என்ற தூவிபோன்ற பாசியின் மறுதலைமுறை. மாட்டின் ஏப்பத்தில் வெளியேறும் மீத்தேனைக் குறைக்கத் தீவனத்தில் சேர்த்துப் பார்க்கப்படும் பாசி இதுவே. அதில் உள்ள புரோமோஃபார்மே அந்த வேலையைச் செய்கிறது. மேயும் உயிர்கள் பலவும் அதை ஒதுக்குவதற்கும் அது ஒரு காரணம். படத்தை ஒப்பிட்டு மட்டும் பெயர் சொல்பவர்கள் தடுமாறுவது இத்தகைய இடங்களில்தான்.

வலோனியா என்னும் குமிழிப்பாசியை யாரும் தவறவிட மாட்டார்கள். பளபளக்கும் பச்சைக் கண்ணாடிக் கோலிக்குண்டு போல் இருக்கும். ஒவ்வொரு குண்டும் ஒற்றைச் செல் என்பது பலரும் நம்ப மறுக்கும் உண்மை. அடியில் நகத்தைக் கொடுத்துத் திருகினால் முழுதாகக் கழன்று வரும். எமரால்டு நண்டு அதை உடைத்துத் தின்னும், பசித்தால்.

மேயும் வாய்கள்

தொட்டியில் பாசி பெருகினால் உடனே நீரைச் சோதிக்கிறோம். மேய யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கரீபியக் கடல் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1983 ஜனவரியில் பனாமா அருகே நீண்ட முள்ளுள்ள டயடெமா கடல் முள்ளெலிகள் சாகத் தொடங்கி, ஓராண்டு வாக்கில் கரீபியன் முழுவதும் அந்த இனம் ஏறத்தாழ துடைத்தெறியப்பட்டது. ஜமைக்காவில் பாசி மேயும் மீன்கள் மிகைப்பிடிப்பால் முன்பே அருகியிருந்தன. 1980-இல் ஆலன் சூறாவளியும் பவளத்தைச் சிதைத்திருந்தது. எஞ்சியிருந்த மேய்ப்பாளரும் போனதும், 1970-களின் இறுதியில் 52 விழுக்காடாக இருந்த பவளப் பரப்பு 1990-களின் தொடக்கத்தில் 3 விழுக்காடாகச் சரிந்தது. பாசி 4-இலிருந்து 92 விழுக்காடாக ஏறியது. நீரில் சத்து திடீரென்று கூடியதால் வந்த வினை அது என்று சொல்வது கடினம். வாய்கள் குறைந்ததே பெரிய மாற்றம்.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. வணிகச் சாகுபடிக்காக அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே மான்கொம்புப் பவளங்களைப் போர்வைபோல் மூடிவிட்டதாக 2008-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அதே பாசி இனம் முன்பே ஹவாயின் கனியோஹே விரிகுடாவில் பரவியிருந்தது. அங்கே அதை ஒழிக்கக் கையாண்ட முறை ஒவ்வொரு தொட்டிக்காரரும் கவனிக்கத்தக்கது: படகில் பொருத்திய பெரிய உறிஞ்சு குழாயால் முக்குளிப்போர் பாசியை அள்ளினார்கள், பிறகு பண்ணையில் வளர்த்த டிரிப்னியூஸ்டெஸ் முள்ளெலிகளை அந்த இடத்தில் விட்டார்கள். முதலில் கை, பிறகு வாய். வரிசையை மாற்றினால் வேலைக்காகாது, ஏனெனில் எந்த நத்தையும் நாலங்குல முடிப்பாசியை மேயாது. கையால் ஒட்ட எடுத்த பிறகு துளிர்க்கும் குருத்தைத்தான் மேயும்.

எத்தனை வாய், யாருடைய வாய் என்பது தொட்டியின் அளவைப் பொறுத்தது. சிறு தொட்டிக்கு டிரோக்கஸ் நத்தை சிறந்தது. கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும், டர்போவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. பெரிய தொட்டியில் மஞ்சள் டாங் மீனும், நம் கரைகளில் ஓரா, ஒட்டி என்று விற்கப்படும் மீன்களின் உறவான ஃபாக்ஸ்ஃபேஸும் நாள் முழுவதும் மேய்ந்துகொண்டிருக்கும். இவற்றை 100 லிட்டர் தொட்டியில் அடைப்பது வதை.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. பாறையில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்பு பூசியதுபோல் படரும் கோரலைன் பாசியைச் சுரண்டி எறியும் புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இடத்தைப் பிடித்துக்கொண்டு முடிப்பாசியைத் தடுப்பது. கடலில் பவளக் குஞ்சுகள் வந்தமர இடம் தேடுவதும் பெரும்பாலும் அதன்மேல்தான். அதுபோலவே, திசு வெளிறிய பவளத்தின் எலும்புக்கூட்டுக்குள் பச்சை வளையம் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. ஆஸ்ட்ரியோபியம் என்ற அந்தப் பாசி நலமான பவளத்தின் சுண்ணத்துக்குள்ளும் எப்போதும் இருப்பது, மேலே இருந்த நிறம் போனதால் வெளியே தெரிகிறது. பார்க்க வேண்டியது, நிறம் ஏன் போனது என்பதை.

தொட்டிக்கு வெளியே

இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பாறை கட்டும் கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து அவற்றையோ, அவை ஒட்டிய பாறையையோ எடுப்பதும் விற்பதும் குற்றம். பாசி பெரும்பாலும் வீட்டுக்குள் வருவதே இப்படிப்பட்ட பாறைகளோடும், நண்பர் கொடுத்த பவளத் துண்டின் அடிக்கட்டையோடும்தான். எனவே வரும் துண்டு எதுவானாலும் தனித்தொட்டியில் நாலைந்து வாரம் வைத்துப் பார்ப்பதும், அடிக்கட்டையை உடைத்துவிட்டுப் பவளத்தை மட்டும் புதுக் கட்டையில் ஒட்டுவதும் பின்னால் வரும் மருந்துச் செலவையெல்லாம் மிச்சப்படுத்தும்.

வெளியேறும் பாசியைப் பற்றியும் அதே அக்கறை தேவை. பாசித் தொட்டிகளில் சத்தை உறிஞ்ச ஆசையாக வளர்க்கப்படும் காலர்ப்பா என்னும் பச்சைப்பாசி, ஒரு சிறு துண்டிலிருந்தே முழுச் செடியாகும். தொட்டியின் நிலைமை அதற்கு ஒவ்வாமல் போனால் ஒரே இரவில் வெளிறி, தன் உள்ளடக்கத்தையெல்லாம் இனப்பெருக்கச் செல்களாக நீரில் கொட்டிவிடும்; காலையில் தொட்டி பச்சைப் பால்போல் கிடக்கும். கடலில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியதரைக் கடல் சாட்சி. 1984-இல் மொனாக்கோ கடலாய்வு அருங்காட்சியகத்தின் அடியில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் அளவே இருந்த காலர்ப்பா டாக்சிஃபோலியா, மீன்தொட்டிகளில் வளர்க்கப்பட்ட, குளிரைத் தாங்கும் வகை. இருபதாண்டுக்குள் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கடற்படுகையைப் பாதித்தது. 2000-இல் அதே பாசி கலிஃபோர்னியாவின் அகுவா ஹெடியோண்டா காயலில் தென்பட்டபோது, அதைத் தார்ப்பாயால் மூடி அடியில் குளோரினைச் செலுத்திக் கொல்லவும், மறுபடி முளைக்கவில்லை என்று முக்குளித்து முக்குளித்து உறுதிசெய்யவும் 2006 வரை ஆறாண்டும் 70 லட்சம் டாலருக்கு மேலும் ஆயின. யாரோ ஒருவர் தொட்டியைக் காலிசெய்தபோது வடிகாலில் ஊற்றிய தண்ணீரே அதற்குத் தொடக்கம் என்று கருதப்படுகிறது.

அதனால் என் வீட்டில் பிய்த்தெடுத்த பாசி கழுவுதொட்டிக்குப் போவதில்லை. நீரைப் பிழிந்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒரு முழு நாள் உறைபெட்டியில் வைத்து, பிறகே உலர்குப்பையோடு போடுகிறேன். பிழிந்த நீரில் பிளீச்சிங் கரைசல் சேர்த்து ஓர் இரவு வைத்து ஊற்றுகிறேன். உறைபெட்டியில் மீனுக்கும் ஐஸ்கிரீமுக்கும் இடையில் பச்சைப் பொட்டலம் ஒன்று கிடப்பதில் வீட்டாருக்கு வருத்தம் உண்டு. பையின்மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள், யாரும் கீரை என்று எடுத்துவிடாமல் இருக்க.